பேச்சு சிகிச்சை எப்போது உதவும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் எனக்குப் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று பொங்கி எழும் கடும் பயம், வர ஆரம்பித்தது. ஒரு உளவியலாளரிடம் பதினான்கு வாரம் போய் வந்தேன். அதை யாரிடமும் ஒளிக்கவில்லை. அதனால் தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் "ஒன்று கேட்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆள்தான் மாறுகிறார், கேள்விகள் பெரும்பாலும் அவைதான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நான் பட்டதும், பிறகு தேடிப் படித்ததும்தான் இதில் இருக்கிறது.

பேச்சு சிகிச்சை என்றால் வெறும் பேச்சுதானா?

பேச்சுதான். ஆனால் அதற்கென்று பயிற்சி எடுத்த ஒருவருடன், குறித்த நேரத்தில், இன்னது மாற வேண்டும் என்ற நோக்கத்தோடு பேசுவது. வழக்கமாக வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம். கவுன்சிலிங், தெரபி, உளவியல் சிகிச்சை என்று பல பெயர்களில் சொல்கிறார்கள். குறுகிய கால உதவியைக் கவுன்சிலிங் என்றும், ஆழமாகப் போவதைத் தெரபி என்றும் பிரிப்பவர்கள் உண்டு. நடைமுறையில் அந்த எல்லைக்கோடு அழிந்துதான் கிடக்கிறது.

'பேச்சால் குணமாக்குவது' என்ற பெயரை வைத்தது டாக்டர் இல்லை, நோயாளி. 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஜோசப் புரோயர் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண் அப்படி அழைத்தார். புரோயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ' என்ற மாற்றுப்பெயரில் வருபவர் இவர்தான். நூலைப் படித்தால் பேசிப் பேசியே குணமாகிவிட்டார் என்று தோன்றும். உண்மையில் புரோயரின் சிகிச்சை முடிந்த கையோடு அவரை ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. பல வருடம் கழித்து மீண்டு வந்து பெண்களின் உரிமைக்காகப் பாடுபட்டார். பேச்சு எங்கே உதவும், எங்கே போதாது என்ற கேள்வி இந்தச் சிகிச்சையோடு கூடவே பிறந்த ஒன்று.

என் பிரச்சினை அந்த அளவுக்குப் பெரியதா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்டவர் அடுத்த மூச்சிலேயே "என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்" என்றும் சேர்த்துக்கொள்வார். அளவை வைத்து இதை முடிவு செய்ய முடியாது என்பது என் எண்ணம். பெரிய இடி விழுந்தும் தெரபி தேவைப்படாமல் எழுந்து நிற்பவர்கள் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியும் விஷயத்தில் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. நான் பார்க்கச் சொல்வது வேறு: பிரச்சினையைச் சமாளிக்க நீங்கள் செய்கிற காரியமே அதற்குத் தீனி போடுகிறதா?

என் கதையையே சொல்கிறேன். ஒரு நாள் லிஃப்டில் நெஞ்சு படபடத்தது. மாரடைப்பு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் பயம் வந்தது, பயந்ததும் படபடப்பு இன்னும் கூடியது, கூடியதும் 'சந்தேகமே இல்லை, மாரடைப்புதான்' என்று உறுதியாகிவிட்டது. மருத்துவமனையில் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் பேனிக் அட்டாக்கை விளக்கியது கிட்டத்தட்ட இப்படித்தான். உடம்பில் வரும் ஒரு சாதாரண மாற்றத்தை ஆபத்து என்று தவறாகப் புரிந்துகொள்கிறோம், பயம் தன்னைத் தானே ஊதிப் பெரிதாக்கிக்கொள்கிறது. பேனிக் அட்டாக் பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கிவிடும். அது எனக்குத் தெரியாது. முதலில் லிஃப்டை விட்டேன். பிறகு கூட்டமான பஸ்ஸை. பிறகு எந்த அறைக்குள் போனாலும் கதவோர நாற்காலி. கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். தப்பித்து வெளியே வந்த ஒவ்வொரு முறையும் நிம்மதி கிடைத்தது. கூடவே 'ஓடி வந்ததால்தான் பிழைத்தேன்' என்பதும் மனதில் பதிந்துகொண்டே போனது.

தெரபியில் அந்த உளவியலாளர் அம்மா என்னை நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். சுழல்நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார். ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னார். நெஞ்சு அடித்தது, தலை சுற்றியது, மூச்சு முட்டியது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. (அவரும் கூடவே ஓடினார். இரண்டு பெரியவர்கள் பூட்டிய அறைக்குள் மூச்சிரைக்க ஓடுவதை யாராவது எட்டிப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.) ஆறாவது வாரம் லிஃப்டில் ஏறினேன். பேச்சு சிகிச்சை என்று போன இடத்தில் ஓட்டம் எதற்கு என்று கேட்கலாம். அந்த ஓட்டம் எதைக் காட்டியது என்பதைப் பற்றித்தான் மீதி நேரம் முழுக்கப் பேசினோம்.

ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி: 'இதனால் நான் எதையெல்லாம் விட்டுவிட்டேன்?' நண்பர்கள், பயணம், பிடித்த வேலை, நிம்மதியான தூக்கம் என்று அந்தப் பட்டியல் மாதத்துக்கு மாதம் நீள்கிறது என்றால் போய்ப் பாருங்கள். மனச்சோர்வை நோய் என்று கணிக்க, பெரும்பாலான நேரம் மனம் துவண்டோ எதிலும் பிடிப்பில்லாமலோ குறைந்தது இரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்று மருத்துவத்தில் ஒரு வரையறை உண்டு. அது கணிப்பவருக்கான அளவுகோல். நீங்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

எந்தெந்தச் சிரமங்களில் இது நன்றாக வேலை செய்கிறது?

பதற்றம், காரணமில்லாத பயங்கள், மனச்சோர்வு, வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து ஆட்டும் ஓசிடி, அதிர்ச்சிக்குப் பின் வரும் பிடிஎஸ்டி, நாள்பட்ட தூக்கமின்மை, சாப்பிடுவது தொடர்பான கோளாறுகள். இவற்றில் ஆராய்ச்சி ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது.

மனச்சோர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், சோர்ந்தவர்களின் மனதில் 'நான் எதற்கும் லாயக்கில்லை', 'இனி எதுவும் மாறாது' போன்ற எண்ணங்கள் தாமாகவே வந்து விழுவதைக் கவனித்தார். அந்த எண்ணங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதுதான் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் ஆரம்பம். பின்னாளில், 1996இல், நீல் ஜேக்கப்சனின் குழு இந்தச் சிகிச்சையைப் பிரித்துப் பார்த்தது. எண்ணங்களைத் தொடாமல், நாளின் நடவடிக்கைகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டாலே முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன் கிடைத்தது. 'மனம் வந்தால் எழுந்திருப்பேன்' என்று படுத்திருப்பவரிடம், முதலில் எழுந்திருங்கள், மனம் பின்னால் வரும் என்பது போன்ற அணுகுமுறை. கேட்பதற்கு அறிவுரை மாதிரி இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், எழுந்து பல் துலக்குவதைக் கூட முழுதாக ஒரு படி என்று எண்ணி, கூடவே உட்கார்ந்து திட்டமிடுகிறார்கள்.

ஓசிடியில் நேர்மாறாக, செய்வதை நிறுத்தப் பழக வேண்டும். கை அழுக்கு என்ற எண்ணம் வரும், ஆனால் கழுவாமல் இருக்க வேண்டும், பதற்றம் தானாகத் தணியும் வரை. விக்டர் மேயர் 1966இல் இந்த முறையை முதலில் பதிவு செய்தார். இன்றும் ஓசிடிக்கு முதன்மையான பேச்சு சிகிச்சை இதன் வழிவந்ததுதான். இதில் பயிற்சி இல்லாதவரிடம் போய் வாரா வாரம் 'ஏன் இப்படித் தோன்றுகிறது' என்று பேசிக்கொண்டே இருந்தால் காலமும் காசும்தான் போகும்.

தூக்கமின்மை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகத் தூக்கத்துக்கான சிபிடியைப் பரிந்துரைத்தது. மாத்திரை அதற்குப் பிறகுதான். தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் விழிப்பது என்று விதிகள் கறாரானவை. முதல் ஓரிரு வாரம் இன்னும் களைப்பாக இருக்கும்.

விபத்து, வன்முறை, பாலியல் தாக்குதல் போன்றவற்றின் நினைவு விடாமல் துரத்துகிறவர்களுக்கு, அந்த நினைவை மையமாக வைத்துச் செய்யும் சிபிடியையும், கண் அசைவுகளோடு செய்யும் இஎம்டிஆர் என்ற முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. உணர்ச்சிகள் நொடியில் கொதித்துத் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் போகிறவர்களுக்கு மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் உருவாக்கிய டிபிடி என்ற சிகிச்சை இருக்கிறது. தானும் இளமையில் அதே இருட்டில் இருந்ததாக அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார்.

நண்பரிடம் மனம் விட்டுப் பேசினால் போதாதா?

பல நேரம் போதும். நல்ல நண்பர் இருப்பது பெரிய கொடை. ஆனால் இரண்டு இடங்களில் அது சறுக்கும். ஒன்று, அரைத்த மாவையே அரைப்பது. இருவரும் உட்கார்ந்து அதே துரோகத்தை நூறாவது தடவை அலசினால் அப்போதைக்கு ஆறுதல், எழுந்து போகும்போது மனம் இன்னும் கனக்கும். இன்னொன்று, நண்பர் அன்பால் செய்கிற கெடுதல். "கேஸ் மூடியாச்சா?" என்று பத்தாவது முறை கேட்பவரிடம் "மூடியாச்சு, நானே பார்த்தேன்" என்று சொல்வது இயல்பு. ஓசிடிக்கு அந்த உறுதிமொழிதான் அன்றைய சாப்பாடு. தெரபிஸ்ட் அதைத் தர மாட்டார். அதனால்தான் சில நாள் அவர் மேல் கோபம் வரும்.

மாத்திரையா, தெரபியா?

இது கட்சி மாதிரி ஆகிவிட்டது, ஆகியிருக்க வேண்டாம். லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை வேண்டியதில்லை. நடுத்தரமானதற்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருகின்றன. கடுமையானதில் இரண்டும் சேர்ந்தால்தான் நல்லது. படுக்கையை விட்டு எழவே முடியாதவரால் தெரபியில் தரும் வீட்டுப்பாடத்தைச் செய்ய முடியாது. மாத்திரை அவரை எழுப்பி உட்கார வைக்கும், அப்புறம் பேச்சு வேலை செய்யும். பேச்சு சிகிச்சைக்கு ஒரு கூடுதல் அனுகூலம் உண்டு. மாத்திரையை நிறுத்தியவர்களோடு ஒப்பிட்டால், சிபிடி முடித்தவர்களுக்கு மனச்சோர்வு திரும்பி வருவது குறைவு. கற்றுக்கொண்டது கூடவே இருப்பதால் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் தெரபி ஆரம்பித்த உற்சாகத்தில் அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைபாடு மூன்றும் மனச்சோர்வு வேடம் போட்டு வரும். தைராய்டு அதிகமானால் பதற்றம் போலவே இருக்கும். ஆறு மாதம் பேசுவதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்.

பேச்சு மட்டும் போதாத நேரம் எது?

யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, நாட்கணக்கில் தூங்காமலேயே களைப்பில்லாமல் பெரிய பெரிய திட்டங்களோடு பணத்தை வாரி இறைப்பது. இங்கே முதலில் மனநல மருத்துவர் வேண்டும், பெரும்பாலும் மருந்தும் வேண்டும். மனச்சிதைவு நோயிலும், மனம் எல்லை மீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலாரிலும் பேச்சு சிகிச்சைக்கும் குடும்பத்துக்கான பயிற்சிக்கும் நல்ல இடம் உண்டு, மருந்தோடு சேர்த்து.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். வயதானவருக்குத் திடீரென்று, ஓரிரு நாளில், இடம் நேரம் தெரியாத குழப்பம் வந்தால் அது பெரும்பாலும் உடல் நோயின் அறிகுறி. உடனே மருத்துவமனை.

தற்கொலை எண்ணம் வந்து, எப்படி என்ற யோசனையும் கூடவே ஓடுகிறது என்றால் அடுத்த வார அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். தனியாக இருக்காதீர்கள். நம்பும் ஒருவரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் நாட்டு உதவி எண்ணை அழையுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பக்கத்தில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். நேரடியாகக் கேட்பது தூண்டாது.

வீட்டில் அடி உதை இருக்கும்போது கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் சிகிச்சை ஆபத்தானது. அடி வாங்குபவர் அறைக்குள் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை காத்திருக்கும். முதலில் பாதுகாப்பு.

கடன், வேலையின்மை, சம்பளம் தராத முதலாளி: இவற்றைத் தெரபி தீர்க்காது. நியாயமான கோபத்தை 'உங்கள் சிந்தனைக் கோளாறு' என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒருவரை இழந்த துக்கத்தில் உடனே போக வேண்டுமா?

வேண்டியதில்லை. துக்கம் நோய் அல்ல. அழுகையும் வெறுமையும் அலையலையாக வந்து, இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் முதல் நாள் போலவே நின்றுவிட்டால், வாழ்க்கை அங்கேயே உறைந்துவிட்டால், அதற்கென்று தனிச் சிகிச்சை இருக்கிறது.

பெரிய விபத்து நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை, சிலருக்குப் பாதிப்பு கூடியது. இப்போது பரிந்துரைப்பதில்லை. பேச விரும்பினால் கேட்பது, விரும்பாவிட்டால் போர்வையும் தண்ணீரும் கொடுத்துப் பக்கத்தில் இருப்பது, அவ்வளவுதான் முதல் நாட்களின் தேவை.

சின்ன வயதுக் காயங்களையெல்லாம் கிளற வேண்டுமா?

எல்லா முறையிலும் இல்லை. எனக்குப் பதினான்கு வாரத்தில் அப்பா அம்மா பேச்சு இரண்டு தடவைதான் வந்தது. உறவுகளில் ஒரே மாதிரி முறிவு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குப் பழையதைப் பார்ப்பது பயன்படும். எதை எப்போது திறப்பது என்பது உங்கள் கையில்.

எத்தனை வாரம் ஆகும்?

ஒரு பழைய கணக்கு உண்டு. கென்னத் ஹோவர்டும் சகாக்களும் 1986இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, எட்டு அமர்வுகளுக்குள் சுமார் பாதிப் பேருக்கும், 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. சிபிடி பொதுவாக 12 முதல் 20 அமர்வு. சிலந்தி பயம், ஊசி பயம் போன்றவற்றுக்கு லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் உளவியலாளர் ஒரே அமர்வில், சுமார் மூன்று மணி நேரத்தில் முடிக்கும் முறையைக் காட்டியிருக்கிறார். நீண்டகாலக் காயங்களுக்கு ஒரு வருடமும் ஆகலாம். ஆறேழு அமர்வு தாண்டியும் துளி மாற்றம் இல்லை என்றால் வாயைத் திறந்து கேளுங்கள்.

எனக்குக் கிடைத்தவர் சரியானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் முதலில் போனது என்னை ஓட வைத்த அந்த அம்மாவிடம் இல்லை, வேறொருவரிடம். நான் பேசி முடிப்பதற்குள் "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று தன் கதையை ஆரம்பித்துவிட்டார். நாற்பது நிமிடம் கேட்டேன். கடைசியில் பணமும் நான்தான் கொடுத்தேன்.

அவர் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார், உங்கள் பிரச்சினையில் என்ன முறையைக் கையாள்வார் என்று முதல் நாளே கேட்கலாம். ஒழுங்கானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எந்த முறையானாலும் பலனோடு திரும்பத் திரும்பத் தொடர்புபடும் ஒரு விஷயம், இருவருக்கும் இடையிலான பிணைப்பு. எட்வர்ட் போர்டின் 1979இல் அதை மூன்றாகப் பிரித்தார்: எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, எப்படிப் போவது என்பதில் உடன்பாடு, ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கை. மூன்றாவது அமர்வு முடிந்து வெளியே வரும்போது இந்த மூன்றையும் நினைத்துப் பாருங்கள். கடினமான விஷயத்தைப் பேசிய நாளில் மனம் கலங்குவது சகஜம். 'இவர் என்னைப் புரிந்துகொள்ளவே இல்லை' என்பது வேறு வகைக் கலக்கம்.

தெரபிக்குப் போய் நிலைமை மோசமாகிறவர்களும் உண்டு. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆளை மாற்றுவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அந்தரங்க உறவுக்கு அடிபோடுபவர், முழுமையாகக் குணமாக்குவேன் என்று உத்தரவாதம் தருபவர், மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்பவர்: இவர்களிடம் இரண்டாவது வாய்ப்பே கிடையாது.

நான் சொல்வது வெளியே போகுமா?

போகாது, சில விதிவிலக்குகள் தவிர. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். முதல் அமர்விலேயே இதை அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

நிபுணரே கிடைக்காத இடத்தில் என்ன செய்வது?

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், நாட்டில் தன்னைப் போன்றவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருந்ததால், பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மருத்துவ நிலைய வாசலில் ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்து பிரச்சினையைப் பிரித்து, முதலில் எதைத் தீர்ப்பது என்று சேர்ந்து யோசிப்பார்கள். 2016இல் 573 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. பட்டம் இல்லாதவரும், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால், லேசான, நடுத்தரச் சிரமங்களில் உதவ முடியும். வீடியோ அழைப்பில் நடக்கும் தெரபியும் பதற்றம், மனச்சோர்வு இரண்டிலும் நேரில் போவதற்கு நெருக்கமான பலன் தருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு அறை இருக்க வேண்டும் என்பதுதான் பலருக்கு அதில் இருக்கும் சிக்கல்.

வர மாட்டேன் என்கிறவரை எப்படி அழைத்துப் போவது?

"உனக்கு மனநோய், டாக்டரைப் பார்" என்றால் யாருமே வர மாட்டார்கள், நானும் வந்திருக்க மாட்டேன். என் அக்கா சொன்னது வேறு. "நீ லிஃப்டில் ஏறாமல் ஏழு மாடி நடந்து வருகிறாய், ஒரு மாதமாகப் பார்க்கிறேன். ஒரு தடவை போய்ப் பேசிப் பார், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்." கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாள், பெயர் சூட்டவில்லை. ஒரு தடவைதான் கேட்டாள். நான் உடனே சம்மதிக்கவில்லை, இரண்டு வாரம் கழித்துத்தான் போனேன். சொன்ன மாதிரியே வெளியே உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்கவே இல்லை. இருவரும் படிக்கட்டில் இறங்கி வீட்டுக்கு வந்தோம்.